பரணில் நான்கு விரல் இடைவெளி

குவைத்தின் மங்காஃபில் எங்கள் கட்டடத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு மளிகைக்கடை. நடத்துபவர் காயல்பட்டினத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆகவே அவர் ஊர் வழக்கில் அண்ணன், அதாவது காக்கா. கடைக்குள்ளேயே டீயும் போடுவார். கூரைக்குக் கீழே இருந்த பரணில்தான் சரக்கெல்லாம். போன ஜூலையில் அங்கே ஐம்பத்திரண்டு டிகிரி. வெல்லம் உருகி, கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர் தோளில் சொட்டியது.

சூட்டை இறக்கித் தர நான் முன்வந்தேன். இரண்டு வெள்ளிக்கிழமைகள் கையெல்லாம் அரிக்க, தகரத்தின் அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய, வெப்பம் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சான கிளாஸ் வுல் பதித்தேன். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருபுறமும் நான்கு விரல் இடைவெளி இருந்தது. தூசி வரும் வழி என்று அதையும் துண்டுகளால் அடைத்தேன். நாட்குறிப்பில் எழுதினேன்: "முப்பத்தெட்டு டிகிரி. இடைவெளி இல்லை."

வெல்லம் பிழைத்தது. பன்னிரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை, காக்கா பரணிலிருந்து அப்பளம் ஒன்றை எடுத்துப் பொரித்தார். எண்ணெயைக் குடித்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது.

"சூட்டை இறக்கச் சொன்னா, அப்பளத்தை ஊறப்போட்டிருக்கியளே தம்பி."

வெள்ளிக்கிழமை எங்கள் மாடியில் ஒரு வளைகாப்பு. எண்பது பேருக்கு விருந்து. அப்பளம் தன் பொறுப்பு என்று காக்கா வாக்குக் கொடுத்திருந்தார்.

"வேற கடையில வாங்கிரலாம் காக்கா."

"வாங்கலாம். அந்தக் கடைக்காரன் எதுக்குன்னு கேப்பான். நீங்க வந்து சொல்லுதியளா?"

டார்ச்சுடன் ஏறினேன். வெள்ளித்தாள் முழுக்க முத்து முத்தாக நீர். டீ அடுப்பின் ஆவி ஏணித் துளை வழியாக மேலே வந்து, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கியிருந்தது. முன்பு அது போன வழியை அடைத்தவன் நான்தான்.

ஓரத் துண்டுகளைப் பிடுங்கினேன். இருபுறமும் கொசுவலைக் கம்பி அடித்தேன்; தூசிக்கும் புறாவுக்கும் அது போதும். ஏணித் துளைக்கு ஒரு பலகை மூடி. வெள்ளித்தாளைத் துடைத்து, அப்பளக்கட்டுகளைப் பிரித்துப் பரப்பினேன்.

வியாழன் மாலை நாற்பது டிகிரி. காக்கா தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லை, சட்டியைத்தான் பார்த்தார். அப்பளம் கொப்பளித்து எழுந்து வளைந்தது. பாதியை ஒடித்து என்னிடம் தந்தார்.

மறுநாள் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து மூன்று அப்பளம் வாங்கி நொறுக்கினார். "இதையும் நோட்டில எழுதுங்க" என்றார்.

எழுதினேன்: "இடைவெளி நான்கு விரல். காக்கா மூன்று அப்பளம்."