மாட்டுக் கொட்டாயில் ஒரு கண்ணாடி பீரோ

எங்கள் வீடு நான்கு மாதம் மாட்டுக் கொட்டாயாக இருந்தது. நாங்கள் அதில்தான் குடியிருந்தோம். எங்களிடம் மாடு கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் காகிதத்தை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் தரம் பிரிக்கிற வேலை செய்கிறேன். பழம், செங்காய், அடிபட்டது என்று பார்த்துப் பார்த்துத் தனித்தனிப் பெட்டியில் போட வேண்டும். என் கணவர் அதே மண்டியில் பெட்டி தூக்குகிறார். மண்டி முதலாளிக்கும் எங்கள் ஊர்தான். ஊருக்குள் நுழையும்போதே அவருடைய மூன்று மாடி வீடு தெரியும். அதைத் தாண்டி உள்ளே வந்து, தண்ணீர் டேங்க் பக்கம் திரும்பி, இரண்டு நாய்களைச் சமாதானப்படுத்தினால் எங்கள் வீடு.

என் கணவருக்கு வரியைப் பற்றிச் சொந்தமாக ஒரு கொள்கை உண்டு. சனிக்கிழமை கூலி வாங்கியதும் அரசாங்கக் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்குவார். பாட்டில் விலையில் பெரும்பங்கு வரிதான் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் குடிப்பதில்லை. வரி கட்டுகிறார்.

"இந்தா புள்ள, ரோடு போடறது யாருன்ற? நாந்தான். பாலம் கட்டறது யாரு? நாந்தான். உனக்கு மாசாமாசம் பேங்குல ஆயிரம் ரூவா வுழுதே, அது யாரு காசு?"

"யாரு காசு?"

"என் காசு."

கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் மனுஷன் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அவர் கூலி கடைக்குப் போகிறது, கடையிலிருந்து சென்னைக்குப் போகிறது, அங்கே நாலு மேசை ஏறி இறங்கி, பெண்களுக்கான உதவித்தொகையாக என் கணக்குக்கு வருகிறது.

"அப்ப எதுக்குங்க அது மெட்ராசு வரைக்கும் போயிட்டு வரணும்? நேரா என் கையில குடுத்துடுங்களேன்."

"அது அரசாங்க நடைமுறை. உனக்குப் புரியாது," என்றார். புரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு பெரிய வரிதாரருக்கு வீட்டு வரி என்றதும் கைகால் உதறிய கதைதான் இது.

எங்கள் வீடு, என் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்த மூன்று சென்ட்டில் நாங்களே கட்டியது. ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, மேலே கான்கிரீட். தரைக்கு மட்டும் காசு இல்லாமல் போனது. அந்தச் சமயம் முதலாளி வீட்டில் மாடிக்கு டைல்ஸ் போட்டு மிச்சத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். என் கணவர் கேட்டு வாங்கி, மண்டி வேலை முடிந்ததும் நாலு நாலாகச் சுமந்து வந்தார். அதனால் எங்கள் ஹாலில் பூப்போட்டது, கட்டம்போட்டது, குளியலறையில் ஒட்டுகிற மீன்போட்டது எல்லாம் கலந்து இருக்கும். ஆனாலும் பளபளவென்றுதான் இருக்கும்.

இல்லாதது மின்சாரம் மட்டும்தான். பக்கத்தில் என் அண்ணன் வீடு. அங்கிருந்து ஒரு ஒயர் இழுத்து இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் போட்டிருந்தோம். சுவிட்ச் அண்ணி வீட்டுச் சுவரில் இருந்தது. அண்ணிக்கு மனசு சரியில்லை என்றால் எங்கள் வீடு இருட்டிவிடும். ஒருமுறை அவள் புதுப் புடவையை நான் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு நாள் ஃபேன் ஓடவில்லை. எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: என் சுவரில் என் சுவிட்ச். மீட்டருக்கும் ஒயரிங்குக்கும் என்று ஒரு டப்பாவில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அப்போதுதான், புதிதாகக் கட்டின வீடுகளை எல்லாம் பஞ்சாயத்து கிளர்க் அளந்து வரி போட வருகிறார் என்று செய்தி வந்தது.

"ஒரு ஆளு எத்தன வரிதான் கட்டுவான்?" என்று என் கணவர் கத்தினார். டப்பாவில் கைவைக்க வேண்டி வருமோ என்று நான் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

அவருக்கு யோசனை உதித்ததற்கும் முதலாளிதான் காரணம். முன்பு ஒருநாள் முதலாளி தன் வீட்டு வரியைக் கட்டிவிட்டு வரச்சொல்லி இவரை அனுப்பியிருக்கிறார். ரசீதைப் பார்த்தால் 'கோழிப் பண்ணை' என்று இருந்திருக்கிறது. இவர் பதறிப்போய், தப்பான ரசீதைக் கொடுத்துவிட்டீர்கள், எங்கள் முதலாளியுடையது மூன்று மாடி வீடு, நன்றாகப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று பஞ்சாயத்து ஆபீசில் நின்று அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு காலத்தில் கோழிப் பண்ணை இருந்ததாம். பண்ணையை இடித்து வீடு கட்டிவிட்டார்கள். பதிவேட்டில் யாரும் இடிக்கவில்லை. "சரியாத்தான் இருக்குது, சத்தம் போடாம போப்பா," என்று கிளர்க் அனுப்பிவைத்திருக்கிறார். இதை அவர் வந்து சொன்ன அன்று இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. "அவுருக்குக் கோழிப் பண்ணைன்னா, நமக்கு மாட்டுக் கொட்டாய்," என்றார்.

மாடு? அண்ணியிடம் ஒரு கெடேரி இருந்தது. இன்னும் கன்று ஈனாத சின்னப் பசு. அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "சாணி எனக்கு வந்துடணும்."

கெடேரியை ஹாலுக்குள் ஏற்றினோம். டைல்ஸில் கால் வழுக்கியது. தக்காளிச் சாக்குகளை விரித்தோம். ஒரு நாள் வேலை என்று நினைத்தால், கிளர்க்குக்கு வேறு ஏதோ வேலை வந்து நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். அந்த நான்கு நாளும் நாங்கள் சமையல்கட்டில் ஒடுங்கிப் படுத்தோம். கெடேரிக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் கொடுத்த கண்ணாடி பீரோ ஹாலில் இருந்தது. கெடேரி அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டது. அதன் பிறகு தண்ணீர் குடிக்கவும் திரும்பவில்லை. கண்ணாடியை நக்கி நக்கி நான் பொட்டு வைக்கிற இடமெல்லாம் எச்சில்.

கிளர்க் வந்தார். வாசலில் நின்றார்.

"இது என்னாங்க?"

"மாட்டுக் கொட்டாய்ங்க சார்," என்றார் என் கணவர்.

"நீங்க எங்க குடியிருக்கறீங்க?"

"மச்சான் வூட்லங்க சார்."

"செவுத்துல கடியாரம் மாட்டியிருக்குது?"

"பால் கறக்கற நேரம் தெரியோணுமில்லீங்களா சார்."

"கண்ணாடி பீரோ?"

இதற்கு இவர் பதில் தயார் செய்து வைக்கவில்லை. நல்ல வேளையாகக் கெடேரி அப்போது கண்ணாடியை ஒரு நக்கு நக்கியது. "அதுக்குத்தாங்க சார். கண்ணாடி இல்லன்னா பால் எறக்காது."

கிளர்க்கும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். குனிந்து மடியைப் பார்த்தார். நிமிர்ந்து இவரைப் பார்த்தார். "கன்னே போடாத கெடேரி, கண்ணாடி பாத்து பால் எறக்குது?"

நான் சமையல்கட்டுக்குள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"நீங்க என்னா சொல்றீங்களோ அதைய எழுதறன். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்று சொல்லி, கால்நடைக் கொட்டகை, வரி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அன்று சனிக்கிழமையே இல்லை, இருந்தும் வரி கட்டப் போய்விட்டார்.

மூன்று மாதத்தில் டப்பா நிறைந்தது. நான் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மின்சார ஆபீசுக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, "வூட்டு வரி ரசீது எங்கம்மா?" என்று கேட்டார். நான் கிளர்க் கொடுத்த காகிதத்தை நீட்டினேன்.

"இந்த எடத்துல வூடே இல்லியேம்மா. கொட்டாய்தான இருக்குது. கொட்டாய்க்கு எதுக்கு வூட்டுக் கனெக்சன்?"

வீடு இருக்கிறது, நான் அதில்தான் இருக்கிறேன் என்றேன். காகிதத்தைக் காட்டினார். நான் இருக்கிறேன் என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். டிக்கெட் எனக்கு இலவசம், அழுகையும் அப்படித்தான்.

என் கணவரை அன்று திட்டிய திட்டு தண்ணீர் டேங்க் வரை கேட்டதாம். மறுநாள் இரண்டு பேரும் கிளர்க்கிடம் போய் நின்றோம். அவர் ஏற்கெனவே எச்சரித்தவர், ஆனாலும் கெட்டவர் இல்லை. மனு எழுதித் தரச் சொல்லி, ஒரு மாதத்தில் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

இப்போது அது வீடுதான் என்று நிரூபிக்க வேண்டும். அவர் வருகிற அன்று ஹாலைத் துடைத்து, பாய் விரித்து, காப்பி போட்டு வைத்தேன். என் கணவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளர்க் டேப்பை எடுத்தார். அந்த நேரத்தில் அண்ணி வீட்டுக் கெடேரி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கிளர்க்கை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து, நேராகப் போய்க் கண்ணாடிக்கு முன் நின்றது.

"மாடே சொல்லுதேம்மா கொட்டாய்னு," என்றார் கிளர்க்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "சார், நான் தீப்பெட்டி வாங்கினாலும் வரி, சோப்பு வாங்கினாலும் வரி. வண்டிக்கு வரி, அதுல ஊத்தற பெட்ரோலுக்கு வரி. இந்தாளு குடிக்கறாரே, அதுக்குங்கூட வரி. வயசுக்கு வந்ததுல இருந்து கட்டிட்டுத்தாஞ் சார் இருக்கறன். ஒண்ணுலயாச்சும் எம்பேரு இருக்குதா? இன்னார் கட்டினாங்கன்னு எவனாச்சும் ஒரு சீட்டு குடுத்தானா? இது ஒண்ணுலதாஞ் சார் பேரு போடுவீங்க. அளந்து போடுங்க. வாசப்படியும் சேத்து அளந்துக்கங்க."

கிளர்க் டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். நான் சுவரோரம் பிடித்தேன். கெடேரியின் காலுக்கு அடியில் விட்டு இழுத்து அளந்தார். முடித்து எழுதும்போது நான் கேட்டேன், "அந்தக் கோழிப் பண்ணைய எப்ப சார் அளப்பீங்க?"

அவர் டேப்பைச் சுருட்டினார். "எங்கிட்ட இருக்கறது இந்த டேப்பு ஒண்ணுதாம்மா. அது அங்க வரைக்கும் எட்டாது."

அடுத்த வாரம் பணம் கட்டினோம், ரசீது வந்தது. கான்கிரீட் வீடு. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். நான் அதை நாலு தரம் சத்தமாகப் படித்தேன். என் கணவர் வாங்கித் தொகையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "மொதலாளி கட்டனது இவ்ளோ இல்லியே புள்ள," என்றார். மூன்று மாடிக்கு முதலாளி கட்டியதைவிட, அவர் வீட்டு மிச்ச டைல்ஸ் ஒட்டிய ஒரு ஹாலுக்கு நான் கட்டியது அதிகம். பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று இன்றுவரை தெரியவில்லை.

மீட்டர் வைக்க ஆள் வந்த அன்று மண்டிக்குத் தாமதமாகப் போனேன். முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"என்னா, இப்பத்தான் விடிஞ்சுதா?"

"வூட்டுக்குக் கரண்டு வந்துச்சுங்க. வரி கட்டி ரசீது வாங்கி, அதுக்கப்பறந்தாங்க குடுத்தாங்க." நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ரகம் இல்லை. "உங்குளுத விட எனக்கு வரி ஜாஸ்திங்க."

எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். தக்காளி பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ பாவப்பட்டார்.

"அடப் பாவமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பன்ல? கொட்டாய்னு எழுதச் சொல்லியிருக்கலாமே."

"எழுதுனாங்கங்க. கரண்டு குடுக்கலீங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"எனக்குக் குடுத்தாங்களே," என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒரு செங்காயை எடுத்து அதற்குரிய பெட்டியில் போட்டுவிட்டு, தலை நிமிராமல் கேட்டாள், "கோழிங்கல்லாம் சௌக்கியங்களா மொதலாளி?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.