கோபமா இருக்கு, சார்

பள்ளியிலிருந்து போன் வந்தபோது தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் கூட்டம் நிறைந்திருந்தது. "உங்க டாட்டர் மேத்ஸ் சாரை எதிர்த்துப் பேசிட்டா. பிரின்சிபால் மேடம் உடனே வரச் சொன்னாங்க" என்றார் அலுவலகப் பெண். என் மகள் ஏழாம் வகுப்பு. ஆட்டோக்காரரிடம் வழி சொல்வதற்குக்கூட என் காதில் கிசுகிசுத்து என்னைச் சொல்ல வைக்கிறவள். அவளா எதிர்த்துப் பேசினாள்? பக்கத்து மேசைக்காரியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பள்ளி பெரும்பாக்கம் சாலையில் இருக்கிறது. வழி முழுக்க அவளைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

அந்த ஜூனில்தான் பள்ளியில் மனசுக்கென்று ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் பிரின்சிபால் மைக்கைப் பிடித்து, "மார்க் மட்டும் போதாது பேரன்ட்ஸ், பிள்ளைங்க தன்னோட ஃபீலிங்ஸைச் சொல்லத் தெரிஞ்சுக்கணும்" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினோம். வகுப்பை எடுத்தவர் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் டீச்சர். கோபமோ வருத்தமோ வந்தால் கத்தக் கூடாது, அழுதுகொண்டு ஓடக் கூடாது. என்ன உணர்வு, எதனால் வந்தது, எதிராளி என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இதுதான் அவர் சொல்லிக்கொடுத்தது. வீட்டிலும் பழக்குங்கள் என்றார். பழக்கினோம். ஒருநாள் சாப்பிடும்போது என் மகள் அவள் அப்பாவிடம், "நான் பேசும்போது நீங்க போனைப் பாத்துட்டே தலையாட்டினா எனக்கு வருத்தமா இருக்குப்பா. கொஞ்ச நேரம் அதை வெச்சிடுங்களேன்" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிரின்சிபால் அறையில் கணக்கு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"என்ன பேசினே?" என்றேன்.

அவள் சொன்னாள். அவள் வகுப்பில், குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக அரசு கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண் இருக்கிறாள். ஏழைப் பிள்ளைகளுக்கான அரசு ஒதுக்கீட்டு இடத்தில் எல்.கே.ஜி.யிலிருந்தே படிக்கிறவள். இவளுக்குப் பக்கத்து இருக்கை. அவள் எழுந்து, "சார், இந்த ஸ்டெப்பு பிரில சார்" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, "பிரிலயா? இன்னாம்மா பிரில? எங்க கீது டவுட்டு?" என்று அவளைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டியிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தப் பெண் உட்கார்ந்து மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். இது முதல் தடவையும் இல்லை.

"நான் எந்திரிச்சு, 'சார், நீங்க அவ மாதிரி பேசிக் காட்டினா எனக்குக் கோபமா இருக்கு, சார். அவ டவுட்டுதானே கேட்டா? இனிமே அப்படிப் பண்ணாதீங்க'ன்னு சொன்னேன். கத்தலம்மா."

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன் மேடம்" என்றார் ஆசிரியர். "அந்தப் பொண்ணே ஒண்ணும் சொல்லல. இவ நடுவுல வந்து கிளாஸ் முன்னாடி என்னை இன்சல்ட் பண்றா."

பிரின்சிபால் என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "கோபத்தை மேனேஜ் பண்ணத்தான் நாங்க சொல்லித் தரோம். கோபப்படச் சொல்லித் தரல. கிளாஸ் முன்னாடி சாரி கேட்டுட்டா விஷயம் முடிஞ்சிடும்."

வழி முழுக்க மகள்மேல் வளர்த்துக்கொண்டு வந்த கோபம் அந்த நொடியில் திசை மாறியது. இதைத்தானே மைக் வைத்துச் சொன்னீர்கள்? அப்பாவிடம் சொன்னால் பாராட்டு, ஆசிரியரிடம் சொன்னால் குற்றமா? "அவ எந்த வார்த்தை தப்புன்னு சொல்லுங்க" என்றேன். என் குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்கும். "டோனைச் சொல்றோம்" என்றார் பிரின்சிபால். அந்த இளம் டீச்சரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். நடந்ததைக் கேட்டார். துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே, "நான் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் பேசியிருக்கா, மேம்" என்றார். பிரின்சிபால் அவரை ஒரு பார்வை பார்த்து, நீங்கள் போகலாம் என்றார். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லும்படி எங்களையும் அனுப்பிவிட்டார்.

வீட்டில் என் கணவர், "ஒரு சாரிதானே? சொல்லிட்டுப் போகட்டுமே. நாளைக்கு அந்த ஆளுதான மார்க் போடணும்?" என்றார். நான் கரண்டியைத் தரையில் எறிந்தேன். நிதானமாகச் சொல்லும் கலையெல்லாம் எனக்குக் கைகூடவில்லை. எங்கள் சண்டைக்கு நடுவில் மகள் கேட்டாள்: "நீங்க எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறீங்க. அவளை யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. படியேறிக் கதவைத் தட்டினால், அந்தப் பெண்ணின் அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தினார். அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ இன்னாத்துக்குக்கா போய் சண்ட போட்ட? உன் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. இப்ப அந்த ஆளு என் பொண்ணத்தான் மொறைச்சிகினு இருப்பான். கவுர்மென்ட் சீட்டுன்னு அஞ்சாம் கிளாஸ்ல எத்தினி தபா சொல்லிக் காட்டுனாங்க தெரியுமா? நீ வந்தியா அப்ப?"

அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே இரண்டு பெண்களும் கட்டிலில் உட்கார்ந்து ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மகள் தலையை நீட்டி, "ம்மா, அவ சாரி கேக்கத் தேவல. அந்த சார்தான் கேக்கணும்" என்றாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நாளிக்கு எத்தினி மணிக்குப் போணும்?" என்றார்.

திங்கட்கிழமை நாங்கள் இரண்டு அம்மாக்களும் போனோம். பிரின்சிபால் நாற்காலியை எனக்கு மட்டும் காட்டினார். நான் உட்காரவில்லை. கணக்கு ஆசிரியர் வந்ததும் அந்த அம்மா அவர் எதிரே போய் நின்றார். கத்தவில்லை.

"சார், என் பொண்ணு எப்டி பேசுச்சின்னு கிளாஸ்ல செஞ்சி காட்னியாமே. என் முன்னால ஒரு தபா செஞ்சி காட்டு. நானும் சிரிக்கிறேன்."

ஆசிரியர் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் மேசையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"செய் சார். நானும் அப்டித்தான் பேசுவேன். எங்க ஆத்தாவும் அப்டித்தான். காட்டு."

கடைசியில் ஆசிரியர், "சாரிம்மா" என்றார், தரையைப் பார்த்து.

"என்கிட்ட இன்னாத்துக்கு? அதுகிட்ட சொல்லு."

சொன்னார். வகுப்பில் இல்லை. வராந்தாவில், மணி அடித்த இரைச்சலில். "மனசுல வெச்சிக்காத" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். என் மகளை மன்னிப்புக் கேட்கச் சொல்வதை அதன்பின் விட்டுவிட்டார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். எது நல்லபடி? ஆசிரியர் இப்போது யாரையும் கேலி செய்வதில்லை. அந்தப் பெண் கையைத் தூக்கினால் அவர் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் மனசு வகுப்பை நிறுத்திவிட்டுக் கணக்குக்குக் கூடுதல் பீரியட் போட்டார்கள். இளம் டீச்சரை எல்.கே.ஜி.க்கு மாற்றினார்கள். சேர்க்கைக்காகப் பள்ளி வாசலில் கட்டிய பேனரில் மட்டும் இன்னும் அந்த வகுப்பைப் பற்றிப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

சாயங்காலம் மகளை அழைத்துவரப் போகும்போது அந்த அம்மாவைக் கேட்டில் பார்ப்பேன். வேலையிலிருந்து நேராக வந்திருப்பார். போன வாரம் பேனரை நிமிர்ந்து பார்த்து, "இதுல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டார். 'உங்கள் பிள்ளை மனதில் உள்ளதைச் சொல்லக் கற்றுத் தருகிறோம்' என்று படித்துச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.