முதுகில் சிலிண்டர் இருக்க மூச்சுக்குழாய் எதற்கு?

இன்று கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி போகும் பேருந்தில் உலகக் கடல் மாநாடு நடந்தது. தலைமை நான்தான்.

தங்கை மகள் செல்வி முதல்முறையாக ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கி நீந்தப் பழகப் போகிறாள். கையில் ஸ்நார்க்கெல், அதாவது தண்ணீரில் மிதந்தபடி மூச்சுவிடும் ரப்பர் குழாய்.

"முதுகுல சிலிண்டர் இருக்கும்லா மாமா, இது எதுக்கு? மூஞ்சில இடிச்சிக்கிட்டே கெடக்கும். நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றாள்.

முன் இருக்கை விவசாயி திரும்பினார். "காத்து தீந்து மேல வாரே. படகு தூரத்துல நிக்கி, அலை மூஞ்சில அடிக்கி. அப்ப என்ன தாயி செய்வே? நாங்க மழைக்கு முன்னாலயே புழுதியில விதைக்குதோம். மழை விழுந்தப்புறம் விதை தேடுனா வெளங்குமா?"

ஏழு கடலும் எழுந்து நின்று கைதட்டின.

"அவ என்ன பருத்தி போடவா போறா, அண்ணாச்சி?" என்றார் பக்கத்து இருக்கை அம்மா. "ஏட்டி, மூஞ்சில மாட்டாத. மடிச்சு இடுப்புப் பையில வையி. வேணும்னா எடு."

செல்வி குழாயை மடித்துக்கொண்டு இறங்கினாள்.

கண்மாயில்கூட முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்க்காத ஐம்பது பேர் கடலுக்குச் சட்டம் எழுதிவிட்டோம். கடலோர நண்பர்களுக்கு மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்லப் பேருந்தே திரண்டு வரும்.