பெரட்டுக்கு வந்த புகார் அதிகாரி

தைப்பூச விரதத்தில் இருந்தபோது செய்தி வந்தது. அரசு அலுவலகங்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் சிரம்பான் புகார் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த செல்வநாயகம் ஐயா, மந்தினில் தம் வீட்டில் காலமாகிவிட்டார். “விரதத்துல இழவு வீட்டுக்கா?” என்றார் மாமியார். “முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன் அத்தை” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அவரிடம் புகாரோடு போன உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னுடையது இது. கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ரப்பர்ப் பால் ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து என் கணவருக்கு இடுப்பு ஒடிந்தது. மாதாமாதம் வந்த ஊன உதவித்தொகை திடீரென நின்றது. உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டால், “வேலைக்குப் போறவருக்கு எதுக்கும்மா ஊனப் பணம்?” என்றார்கள். எழுந்து உட்காரவே அவருக்கு இரண்டு பேர் வேண்டும்!

நடந்தது இதுதான். பேரேட்டில் பெயர் இல்லாதவனுக்குத் தோட்டத்து வீடு கிடையாது. புது ஆள் எடுக்காத காலம் அது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இரக்கப்பட்டு, என் கொழுந்தனை அண்ணன் பெயரிலேயே வேலைக்கு விட்டிருந்தார். சொன்னால் வீடு போகும்; சொல்லாவிட்டால் பணம் வராது. ஐயாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். “கண்ணால பார்த்துட்டு எழுதறேன்” என்றார்.

அடுத்த வாரம், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து மானேஜர் பக்கத்தில் நின்றார். மண்டோர் என் கணவர் பெயரைக் கூப்பிட, கொழுந்தன் கை தூக்கினான்.

“இடுப்பு ஒடிஞ்சவரு நல்லா நிக்கிறாரே, எந்த வைத்தியர்லா?” என்றார் ஐயா. கூட்டம் சிரித்தது. மண்டோர் முகம் வெளுத்தது. ஐயா மானேஜரிடம் திரும்பினார். “பையன் எப்படி?”

“நல்ல வேலைக்காரன்.”

“அப்ப அவன் பேர்லயே பதிங்க. அப்புறந்தான் என் பேனா திறக்கும்.”

பதிந்தார்கள். வீடு தப்பியது.

ஆனால் அறிக்கை போயும் உதவித்தொகை அலுவலகம் அசையவில்லை. “உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லைம்மா. கேட்கத்தான் முடியும். கேட்டுக்கிட்டே இருப்பேன்” என்றார். தாமே போய்ப் போய் நின்றார். தொகை மறுபடி வந்தது. நின்றுபோன மாதங்களின் பாக்கி மட்டும் இன்றுவரை வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கேட்டு எழுதினார்.

இழவு வீட்டில் உதவித்தொகை அலுவலகத்து அதிகாரி ஒருவர், “நல்ல மனுஷன். ஆனா ரொம்பத் தொல்லை குடுப்பாரு” என்றார். அழ வந்த எனக்குக் கோபம்தான் வந்தது.

“எங்க பாக்கி என்னாச்சு சார்?”

“பார்க்கிறோம்மா.”

“யாரு பார்ப்பாங்க? உங்க பேரைச் சொல்லுங்க.”

சொன்னார். ஐயாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தொல்லையைத்தான். திங்கட்கிழமை அந்த அதிகாரியைத் தேடிப் போகிறேன்.