பூஜையில் வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டுக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி வந்த அன்றே என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். வேட்டையிலிருந்து திரும்பினால், வாசற்படி தாண்டும் முன் குழலைத் திறந்து அவளுக்குக் காட்ட வேண்டும். வீட்டில் எட்டு வயதில் ஒரு பையன், ஐந்து வயதில் ஒரு பெண். நியாயமான நிபந்தனைதான். ஆனால் சர்க்கார் லைசென்ஸ் வாங்கிய ஹெட் குமாஸ்தாவைப் பெண்டாட்டி வாசலில் நிறுத்திச் சோதனை போடுவதா என்று எனக்கு ரோஷம். ஆறு மாதம் காட்டினேன். பிறகு "பார்த்தாச்சு" என்று வாயால் சொல்ல ஆரம்பித்தேன். அவளும் நம்ப ஆரம்பித்தாள்.

1930களின் தொடக்கம் அது. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த இடத்தில் புது வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் பெருங்குடிச் சதுப்புக்குப் போய் உள்ளான் குருவி சுடுவேன். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு நல்ல மழை. காகிதத் தோட்டா ஈரத்தில் உப்பி இடது குழலில் சிக்கிக்கொண்டது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை. காய்ந்தால் தானே வரும் என்று மூடிவிட்டேன். வாசலில் வழக்கம் போல "பார்த்தாச்சு" என்றேன். உள்ளே வெள்ளையடிக்கும் அமளி. துப்பாக்கியைப் பரணில் போட்டதோடு தோட்டாவை மறந்தும் போனேன்.

ஆயுத பூஜையன்று அதை இறக்கி மேலாகத் துடைத்து, பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் மனைவியின் தையல் மெஷினுக்கும் பக்கத்தில் ஒரு மணைமேல் வைத்தேன். பெண்தான் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். கற்பூரம் காட்டி முடித்துச் சுண்டலைக் கையில் வாங்கும்போது தோட்டா நினைவுக்கு வந்தது.

அப்போதே எடுத்திருக்கலாம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது வழக்கம். மீறினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் இத்தனை மாதம் வாசலில் சொன்ன பொய்யும் வெளியே வரும். யாரும் தொடமாட்டார்கள், காலையில் முதல் ஆளாக நானே எடுத்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாமியைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சுண்டல் தின்ற மகா புத்திசாலி நான்.

விஜயதசமி காலை. குளிக்காமல் பூஜைப் பொருளைத் தொடக்கூடாதே, கிணற்றடிக்கு ஓடினேன். இரண்டாவது வாளி ஊற்றும்போது உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பையன் உரக்கப் பாடம் படிப்பதும் கேட்டது. எனக்கு முன்னால் பூஜையைக் கலைத்துவிட்டார்கள். அன்றைக்கு எடுத்த பொருளை ஒரு தரமாவது வேலை செய்ய வைத்தால்தான் அது வருஷம் பூராவும் விளங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தவன் நான்தான். வாளியைப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு ஓடினேன்.

பெண் தரையில் சம்மணமிட்டு, துப்பாக்கியை மடியில் கிடத்தியிருந்தாள். குழல், மெஷினில் குனிந்திருந்த அவள் அம்மாவின் முதுகுக்கு நேராக இருந்தது. விசையில் ஒட்டிய குங்குமத்தைச் சுட்டுவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கத்தினால் திடுக்கிட்டு விரல் அழுந்திவிடும்.

"கண்ணு, நைனாவுக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக்கினு வா" என்றேன், மெதுவாக.

"இரு நைனா. எல்லாம் வேலை செஞ்சிடுச்சு. உன்னுது மட்டும்தான் பாக்கி."

"அதை நான் பார்த்துக்கறேன். தண்ணி சொட்டுது பாரு."

அவள் யோசித்தாள். அந்த யோசனை எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. பிறகு விரலை எடுத்து, துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, துண்டுக்கு ஓடினாள்.

பாய்ந்து எடுத்துக் குழலைத் திறந்தேன். நன்றாகக் காய்ந்திருந்த தோட்டா, நெம்பாமலே நழுவி விழுந்து மெஷின் காலடியில் உருண்டு நின்றது. மனைவி மிதிப்பதை நிறுத்திக் குனிந்து எடுத்தாள். தோட்டாவையும், மகள் உட்கார்ந்திருந்த இடத்தையும், என்னையும் பார்த்தாள்.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. அத்தனை மாதப் பழக்கம்.

"தெரியும்" என்றேன்.

அதற்குள் மகள் துண்டோடு வந்தாள். என்னிடம் ஓடி வந்தவளை மனைவி கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். நான் திறந்த குழலைத் தூக்கி, இரண்டும் காலி என்று அவளுக்குக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.