சித்தியின் இங்கிலீஷ் நோட்டு

என் அம்மாவின் தங்கை பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில் மூன்று தரம் தவறியவள். மற்ற பாடங்களெல்லாம் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். ஆங்கிலம் மட்டும் அவளுக்கு வழிவிடவில்லை. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து, இன்னொரு தரம் எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லி, திண்டிவனத்துப் புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு செஞ்சியில் வந்து இறங்கினாள். தாய் தகப்பன் இல்லாதவள். அண்ணன், அதாவது என் மாமா, தளவானூரில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். டுடோரியல் செஞ்சியில் இருந்தது. அதனால் எங்கள் வீடு.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. டை கட்டிக்கொண்டு வேனில் போகிற பள்ளிக்கூடம். அந்த டையைப் பார்த்தே எனக்கு ஆங்கிலம் வரும் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. சித்தி எழுதுவதைத் திருத்தும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு சிவப்புப் பேனாவும் கொடுத்தார்கள்.

டுடோரியல் ஓர் உரக்கடையின் மாடியில் நடந்தது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சேதிகளை ஒரே வாக்கியமாகச் சேர்ப்பது எப்படி என்று வாத்தியார் ஒரு வாரம் முழுக்க நடத்தினார். நடுவில் ‘பட்’ போட்டுச் சேர்க்கலாம், முன்னால் ‘ஆல்தோ’ போட்டுச் சேர்க்கலாம், இன்னும் இரண்டு மூன்று வழி உண்டு, பரீட்சையில் கட்டாயம் வரும் என்று சொன்னாராம். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாராம்.

“அதோ கோட்டை. ஒசரமா இருக்குது, ஆனாலும் ஏறிட்டாங்க. இது ஒரு வாக்கியம். மேல கொளத்துல தண்ணி இருக்குது, ஆனாலும் கீழ கொழாய்ல வரல. இது ஒண்ணு. ‘ஏழை ஆனாலும் நல்லவன்’னு கைடுல இருக்குறத எழுதிக்கினு வராதீங்க. அத முப்பது வருசமா திருத்திட்டேன். அவங்கவங்க வூட்லேர்ந்து எழுதிக்கினு வாங்க. தெனம் பத்து.”

சித்தி இதைச் சொல்லிக்காட்டியபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் நன்றாகப் பேசிக்காட்டுவாள்.

ஆக, தினம் சாயங்காலம் சித்தி பத்து வாக்கியம் எழுதுவாள், நான் திருத்துவேன். எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும், ஆனாலும் சளி பிடித்திருக்கிறது என்கிற மாதிரி வாக்கியங்கள்தான் எனக்குத் தெரிந்தவை. சித்தியின் வாக்கியங்கள் வேறு தினுசு. அவற்றில் பெரும்பாலும் யாராவது வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். மழை பெய்தது, ஆனாலும் நான் வாசலில் நின்றேன். கதவைத் தட்டினேன், ஆனாலும் திறக்கவில்லை. சோறு சூடாக இருந்தது, ஆனாலும் தட்டு பறந்தது.

“தட்டு எப்படி சித்தி பறக்கும்? றெக்கை இருக்குதா?”

“பறக்கும் பாப்பா. நீ ஸ்பெல்லிங் மட்டும் பாரு.”

நான் ஸ்பெல்லிங் மட்டும் பார்த்தேன்.

சித்தப்பா மோட்டார் பைக் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வரும்போதே சிரித்துக்கொண்டு வருவார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. “ஒங்க சித்தி வந்துட்டான்னா அவகூட நீயும் லீவுக்கு வந்துடு. லேடீஸ் சைக்கிள் ஒண்ணு ஒனக்குன்னு செட் பண்ணி வச்சிருக்கேன், பெயிண்டு கூட அடிச்சிட்டேன்” என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். சித்தி எப்போது கிளம்புவாள் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளிடம் பிரியம் இல்லாமல் இல்லை. சைக்கிள் திண்டிவனத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கமிட்டியில், அதாவது நெல் வந்து விற்கிற ஒழுங்குமுறைக் கூடத்தில், மூட்டை தைக்கிறவர். நான்காம் வகுப்போடு நின்றவர். நான் ஆங்கிலம் படித்தால், கோயிலில் மந்திரம் கேட்பதுபோல் பேசாமல் இருந்து கேட்பார். ஒருநாள் சாயங்காலம் சித்தி தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். நைனா சாப்பிட உட்கார்ந்தார். நான் எதிரே நோட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கு இன்னா பாடம்?”

“எதிர் எதிரா இருக்குறத ஒண்ணா சேக்குறது நைனா.”

“அது எப்படி சேரும்?”

“ஆல்தோ போட்டா சேந்துடும்.”

“கமிட்டில ரெண்டு யாவாரிங்க இருக்கானுங்க. அவனுங்களுக்கு ஒண்ணு போட்டு உடேன் பாக்கலாம்” என்று சிரித்தார். “எங்க, படி.”

நான் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று ராகம் போட்டுப் படித்துக்கொண்டே போனேன். ஆறாவதோ ஏழாவதோ, “ஆல்தோ ஹீ பர்ன்ட் மை ஹேண்ட், ஐ குக்டு ரைஸ்” என்று படித்து, “அவர் என் கையைச் சுட்டாலும் நான் சோறு ஆக்கினேன்” என்று அர்த்தமும் சொன்னேன்.

“இது பொஸ்தகத்துல இருக்குதா?”

“இல்ல நைனா, சித்தி சொந்தமா எழுதனது. ஒரு தப்பு இல்ல. பத்துக்குப் பத்து போட்டுட்டேன்.”

“இன்னொரு தரம் படி.”

என் உச்சரிப்பில் மயங்கிவிட்டார் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன்.

“இங்கிலீசு வாணாம். தமிழ்ல சொல்லு.”

சொன்னேன். நைனா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். “இன்னா, கொழம்பு ஒறைக்குதா?” என்று அம்மா கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து வந்தார்கள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மாமா சுற்றி வளைக்காதவர், நைனாவிடம் நேராகவே சொன்னார்.

“ரெண்டு மாசமாச்சு மாப்ள. கட்டிக் குடுத்தா குடுத்ததுதான். அவ பரிச்சைய அங்கேர்ந்து வந்து எழுதட்டும்.”

“நானே வண்டில கொண்டாந்து உடறேன் சகல” என்றார் சித்தப்பா.

சித்தி கதவுக்குப் பின்னால் இருந்தாள். “பரிச்ச முடியற வரைக்குமாவது இருக்கேனே மாமா” என்று நைனாவைப் பார்த்துச் சொன்னாள். நைனா அவள் பக்கம் திரும்பவில்லை.

“அனுப்பிடலாம் மச்சான்” என்றார் மாமாவிடம். “கொழுந்தியாள எத்தினி நாளைக்கு வூட்ல வச்சிக்க முடியும்? இப்பவே தெருவுல ஒருத்தன் ‘இன்னாப்பா, ரெண்டு கொடம் தண்ணி வருதாமே’ன்னு கேக்குறான். நான் தல காட்ட வாணாமா?”

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் வந்தால் தெருவுக்கு என்ன என்றுதான் நினைத்தேன். பெண்டாட்டியின் தங்கை இங்கேயே இருக்கட்டும் என்று ஓர் ஆண் தன் வாயால் சொல்ல முடியாது என்பதெல்லாம் பிறகு எனக்கும் கல்யாணமாகி, நாலு வீட்டுப் பேச்சைக் கேட்ட பிறகு தெரிந்துகொண்டது.

பிறகு நைனா, “ஒண்ணு மட்டும் சொல்றேன். பொண்ணு மொகம் தெளிவா இல்ல. நாளைக்கி ஒண்ணுன்னா நீ அனுப்பன, நான் அனுப்பனன்னு வரும். மலையனூர்ல பூ போட்டுப் பாத்துடலாம். அம்மா சொல்லிட்டா யாரு மேலயும் கொற இல்ல” என்றார்.

“இதுக்குப் போயி சாமியா?” என்று சித்தப்பா சிரித்தார்.

“ஏன், அம்மா மேல நம்பிக்க இல்லியா?” என்று மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். நிலத்துப் பட்டாவைவிட அங்காளம்மனை அதிகம் நம்புகிறவர் மாமா. சித்தப்பாவும் சரி என்றார்.

அம்மா இரண்டு நாள் நைனாவோடு பேசவில்லை. டம்ளரைக் கீழே வைக்கும் சத்தத்தில் மட்டும் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேல்மலையனூர் போனோம். அமாவாசை இல்லாததால் பஸ்ஸில் உட்கார இடமும், சன்னதியில் அம்மனின் முகமும் கிடைத்தன. பூ கேட்பது எல்லோரும் செய்வதுதான். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி கட்டி, அம்மன் முன்னால் போட்டு, கள்ளமறியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சித்தி அன்றைக்கே திண்டிவனம். சிவப்பு வந்தால் எங்கள் வீட்டிலேயே இருப்பாள், யாரும் கூப்பிடக் கூடாது. கள்ளமறியாத பிள்ளை நான்தான்.

பூக்கடைக்கு நைனா தனியாகப் போய்ப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். மூட்டை தைக்கிற கை, வாழைநாரில் முடிச்சு இறுக்கமாக விழுந்திருந்தது. “எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா கேட்ட கேள்வியே கெட்டுடும்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

பூசாரி தீபம் காட்டிவிட்டு என்னை முன்னால் தள்ளினார். சித்தி தூணோரமாக நின்றிருந்தாள். முந்தானையின் நுனியை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடி, தாயே வெள்ளை, தாயே வெள்ளை என்று வேண்டினேன். மறைக்க ஒன்றுமில்லை, அம்மனிடம் அன்று நான் கேட்டது சைக்கிள்தான். வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நாரை அறுத்துப் பிரித்தார்.

செவ்வரளி.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சொல்லிட்டா. ஆத்தா சொல்லிட்டா” என்றார். சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா பூவைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், பிறகு விறுவிறுவென்று வெளியே போனார். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் அவர் போனது அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தி அந்தத் தடவை ஆங்கிலத்தில் தேறினாள். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்தது. இரண்டொரு வருடத்தில் அவள் கைத் தழும்பைப் பற்றி மாமாவுக்கு முழுதும் தெரியவந்து, அவரே முன்னின்று அந்த உறவைத் தீர்த்து வைத்தார். சித்தி இன்றும் செஞ்சியில்தான் இருக்கிறாள். நான் அமாவாசைக்கு அமாவாசை மலையனூர் போகிறேன். வீட்டில் எது தொடங்கினாலும் அம்மன் குங்குமம் வைத்துத்தான் தொடங்குவேன். அவள் வாக்குப் பொய்க்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, இனி சொல்லப்போவது தெரிந்த பிறகும்.

அன்று எல்லோரும் வெளியே டீக்கடைக்குப் போனார்கள். நான் மட்டும் பின்தங்கினேன். கழித்துப்போட்ட பூக்களைப் பூசாரி ஒரு கூடையில் தள்ளியிருந்தார். எடுக்காத பொட்டலமும் அதில் கிடந்தது. பிரிக்கக் கூடாது என்பது நினைவிருந்தது. ஆனாலும், எனக்கு வந்திருக்க வேண்டிய வெள்ளைப் பூவை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அதிலும் செவ்வரளி.

சைக்கிளுக்கு ஆசைப்பட்டு வேண்டியதால் அம்மன் கோபித்துக்கொண்டு வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். தேங்காய் உடைக்கிற இடத்தில் நைனா தனியாக நின்றிருந்தார். ஓடிப்போய்ப் பூவைக் காட்டினேன்.

“நைனா, இதுலயும் செவப்புதான்.”

ஏன் பிரித்தாய் என்று அவர் கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தார்.

“யார்னா பாத்தாங்களா?”

“இல்ல. நான் வெள்ளதான் நைனா வேண்டிக்கினேன். அம்மாவுக்கு என் மேல கோவமா?”

“ஒம் மேல ஏண்டி கோவம்? இருந்தா என் மேல இருக்கும்” என்று சொல்லி, என் கையிலிருந்த பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “மாமாகிட்ட, ஒங்க அம்மாகிட்ட, யாருகிட்டயும் வாயத் தொறக்காத.”

அதன்பிறகு டீக்கடைப் பக்கம் போகாமல் உள்ளே நடந்தார். நானும் பின்னால் போனேன். சன்னதிக்கு நேராகத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். “எழுந்திருப்பா, வழிய உடு” என்று பூசாரி இரண்டு தரம் சொல்லியும் அவர் அசையவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மூட்டை தைக்கையில் ஊசி ஏறினால்கூட முகம் சுளிக்காத நைனா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சித்தியை அனுப்பிவிடலாம் என்று மாமாவிடம் சொன்னவர் அவர்தானே. அவர் கேட்டதையும் அம்மன் கொடுக்கவில்லை. எனக்குச் சைக்கிள் போனதுபோல அவருக்கும் ஏதோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“உடு நைனா. அடுத்த தரம் வரும்போது வெள்ள கேட்டுக்கலாம்” என்றேன்.