எல்லாரும் வந்ததும் துவக்கு

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

கடல் தாண்டி இந்தப் பென்டில் ஹில்லுக்குக் குடிவந்த இத்தனை வருஷத்தில் எங்கள் காலிங் பெல்லை அடித்தவர்கள் யார்? பார்சல்காரர், சோலார் பேனல் விற்க வருபவர், கறிவேப்பிலை பறித்துக்கொள்ளலாமா என்று கேட்கும் பக்கத்து வீட்டம்மா. அவ்வளவுதான். போலீஸ்? அதுவும் யூனிஃபார்மில், வீட்டு முன்னால் காரை நிறுத்திவிட்டு?

என் மனைவி மாலதி வடை மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். அன்று மாலை தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. வடை எங்கள் வீட்டுப் பொறுப்பு.

"என்னங்க... கார்ல எதையாச்சும் இடிச்சிட்டு வந்தீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து முதல் சந்தேகம் என் மேல்தான்.

வந்தவர்களில் ஒருவர் இளம்பெண். இன்னொருவருக்கு என் வயது இருக்கும். அந்தப் பெண்தான் பேசினார். "அனு இருக்கிறாரா? அவருடைய துப்பாக்கி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்."

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் மகளைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்... அனு பிசியோதெரபி படிக்கிறாள். வாரக் கடைசியில் கிளப்புக்குப் போய் ஏர் ரைபிளால் இலக்கைப் பார்த்துச் சுடுகிறாள். விளையாட்டுதான். இங்கே ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். வைத்திருக்கிறாள். கராஜில் சுவரோடு சேர்த்து போல்ட் அடித்த இரும்புப் பெட்டி. சாவி அவளிடம் மட்டும். அடுத்த மாதம் மாநில அணித் தேர்வு. பள்ளியில் படித்த காலத்திலிருந்து அவள் காத்திருக்கும் தேர்வு.

எனக்கு இது பிடிக்குமா? பிடிக்காது. பொருட்காட்சியில் பலூன் சுடுவதற்கே கையை உதறிக்கொண்டு ஒதுங்கியவன் நான். ஆனால் பெற்ற கடனுக்கு கிளப் வாசல் வரை காரில் கொண்டுபோய் விடுகிறேன்.

"உள்ளே வரலாமா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

நான் கதவை அகலத் திறக்கப் போனேன். அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அனுவின் குரல், ஆங்கிலத்தில் — "வாரண்ட் இருக்கா?"

எங்கள் ஊரில் போலீஸிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால், அடுத்த கேள்வியைக் கேட்க வாயில் பல் இருக்காது.

"அனு! சும்மா இரு!"

"ஏம்பா? கேட்கலாம்ல?"

அந்தப் பெண்ணுக்குக் கோபமே வரவில்லை. "இல்லை. அதனால்தான் கேட்கிறோம். வேண்டாமென்றால் இங்கேயே நின்று பேசலாம்."

நின்று பேசினோம். அவர் தன் போனைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ வாசித்தார். அது எனக்குக் கேட்டது இப்படி:

'அனு, எல்லாரும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, துப்பாக்கி. பயப்படாதே. அப்பா வெளியே காரில் தயாராக இருப்பேன்.'

"இதை நீங்கள் எழுதினீர்களா, சார்?"

துப்பாக்கியா? நானா? சத்தியமாக இல்லை என்றேன். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் அன்று காலை வந்ததாம். என் பெயரில். என் போனை எடுத்துப் பார்த்தேன். முதல் அதிர்ச்சி — அனுவுக்கு அனுப்பியதாக நினைத்த மெசேஜ் மொத்தக் குழுவுக்கும் போயிருந்தது. எழுதியிருந்தது இதுதான்:

'அனு, எல்லாரும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் துவக்கு. பயப்படாதே. அப்பா வெளியே காரில் தயாராக இருப்பேன்.'

இதில் என்ன தப்பு? விழாவைத் தொகுத்து வழங்கப் போவது அனு. தமிழில் பேச வேண்டுமே என்று அவளுக்கு உதறல். ஹாலில் ஏசி ஓடும்போது கதவு திறந்திருந்தால் பராமரிப்பவர் சத்தம் போடுவார். நான் கார் பார்க்கில் வடைப் பாத்திரங்களோடு இடைவேளைக்காகக் காத்திருக்க வேண்டும். துப்பாக்கி எங்கேயிருந்து வந்தது?

மாலதிதான் கண்டுபிடித்தாள். முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள்.

"ஐயய்யோ! துவக்குன்னா அவங்க பேச்சுல துப்பாக்கிங்க!"

திரும்பப் படித்தேன். அந்த அர்த்தத்தில்.

ஒருமுறை நீங்களும் படித்துப் பாருங்கள். எல்லாரும் உள்ளே வந்த பிறகு... கதவைச் சாத்திவிட்டு... பயப்படாதே என்று மகளுக்குத் தைரியம் சொல்லி... தப்பிக்கக் காரோடு வெளியே நிற்கும் அப்பன். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அனு விளக்கினாள். ஒரே சொல். இந்தியத் தமிழர்களுக்கு ஆரம்பி. இலங்கைத் தமிழர்களுக்குத் துப்பாக்கி. கேட்டுக்கொண்டிருந்த மூத்த போலீஸ்காரர், "அப்படியானால்... ஸ்டார்ட்டிங் கன்?" என்றார்.

ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கச் சுடுவார்களே, அது. அனு மட்டும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஸ்டார்ட் பண்ணுன்னு போட்டிருக்கலாம்லப்பா?"

எப்படிப் போடுவேன்? குழுவில் ஆங்கிலம் கலக்கக் கூடாது என்று விதி போட்டதே நான்தான்.

அப்புறம் நாங்களே அவர்களை உள்ளே அழைத்தோம். அனு பெட்டியைத் திறந்து காட்டினாள். பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள், போய்விட்டார்கள். டியூட்டியில் வடை வாங்கிக்கொள்ளக் கூடாதாம். மூத்தவர் வாசனை பிடித்தபடியே படியிறங்கினார்.

அவ்வளவுதானே, நல்லபடியாக முடிந்ததே என்கிறீர்களா?

எனக்கு முடியவில்லை. ஏனென்றால் கொஞ்ச நாளாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கப் புது மசோதா ஒன்று பேச்சில் இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர் வீட்டுக்குள் போலீஸ் எந்த நேரமும், வாரண்ட் இல்லாமல், காரணம் சொல்லாமல் நுழையலாம். துப்பாக்கிப் பெட்டியை மட்டுமல்ல, வீடு முழுக்கத் தேடலாம். போனையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போகலாம். யாராவது ஒருவர் புகார் சொன்னாலே லைசென்ஸ் நின்றுவிடும். விசாரணை அப்புறம், சாவகாசமாக.

"இது சரியில்லப்பா" என்பாள் அனு. நான் என்ன சொல்வேன் தெரியுமா? "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?"

எத்தனை சுலபமான வாக்கியம்! யார் வீட்டுக் கதவோ என்றிருக்கும்வரை.

சனிக்கிழமைக் காலையை அந்த மசோதாவின்படி ஓட்டிப் பார்த்தேன். கேட்க மாட்டார்கள், நுழைவார்கள். மாலதியின் பீரோ, சாமி அலமாரி, என் லேப்டாப், அனுவின் போன்... எல்லாம் தரையில். லைசென்ஸ் அன்றைக்கே முடக்கம். 'துவக்கு' என்றால் என்ன என்று எங்களைக் கேட்க யாருக்கும் அவசியமே இருந்திருக்காது. மாநிலத் தேர்வு முடிந்து, அணி போட்டிக்குப் போய்த் திரும்பிய பிறகு, 'தவறுதலாக நடந்துவிட்டது' என்று ஒரு மெயில் வந்திருக்கும்.

துப்பாக்கிக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று. உயிருக்கு ஆபத்து என்றால் இன்றைய சட்டப்படியே போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வரலாம், வரட்டும். ஆனால் ஆபத்தும் இல்லை, காரணமும் இல்லை, நீதிபதியும் பார்க்கவில்லை, லைசென்ஸ் வைத்திருப்பது ஒன்றே போதும் என்றால்... ஒழுங்காக லைசென்ஸ் எடுத்தவளுக்கு இதுவா மரியாதை? வாசலில் நின்று கேட்ட அந்தச் சில நிமிஷம்தான் என் மகளைக் காப்பாற்றியது. அந்த நிமிஷத்தைத்தான் இந்த மசோதா வேண்டாம் என்கிறது.

மத்தியானம் அனு சாப்பிடவில்லை. "லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேம்பா. தேர்வும் வேணாம். ஒவ்வொரு தடவை பெல் அடிக்கும்போதும் என்னால பயப்பட முடியாது" என்றாள். காலையில் வாரண்ட் கேட்ட அதே பெண்! இத்தனை நாளாக இந்தச் சொல்லுக்காகத்தானே நான் ஏங்கினேன்? கேட்டபோது கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை.

மாலையில் கார் பார்க்கில் வடைப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றார். தர்ஷினி. அவர் மகன் பள்ளியில் பாலர் வகுப்பு. இலங்கையில் வன்னியிலிருந்து குழந்தையாக இங்கே வந்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"அண்ணா... பொலிசுக்குப் போன் எடுத்தது நான்தான். துவக்கு எண்டால் எனக்கு ஒண்டுதான் தெரியும். அனு சுடுறவ எண்டும் தெரியும். என்ர பிள்ளையும் அந்த ஹோலுக்குள்ளதானே..." அதற்கு மேல் அழுகை.

"நீங்க செஞ்சதுதாம்மா சரி. நானா இருந்தாலும் பண்ணியிருப்பேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். பேச்சு வாக்கில், அந்த மசோதா வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன்.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"தட்டாமல் உள்ளுக்க வருவாங்களோ?"

"ஆமா."

"அங்க ஆமி அப்பிடித்தான் அண்ணா வாறது. தட்டுறேல்லை. அரிசிப் பானையையும் கவிட்டுப் பாப்பாங்கள். நான் சின்னப் பிள்ளை, அம்மான்ர சீலைக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டனான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இஞ்ச பொலிஸ் கதவைத் தட்டிக் கேப்பாங்கள் எண்டு நம்பித்தான் நான் போன் எடுத்தனான். தட்டமாட்டாங்கள் எண்டால்... எடுத்திருக்க மாட்டன்."

பாத்திரத்தைப் பிடித்தபடி அனு கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை என்னிடம் தந்துவிட்டு, தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து மைக்கில் அவள் குரல்: "விழாவை இப்போது... ஆரம்பிக்கிறோம்!"

அனு தேர்வுக்குப் போகிறாள். லைசென்ஸ் அவளிடமே இருக்கும்.

அந்த மசோதாவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றிருக்கிறார்கள். எதிர்த்து எழுதியிருக்கிறேன். தர்ஷினியும் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். முதல் வரியே அவர் சொன்னதுதான்: 'கதவைத் தட்டிக் கேட்பார்கள் என்று நம்பித்தான் போலீசுக்குப் போன் செய்தேன்.'

அனுப்புவதற்கு முன்னால், ஆங்கில மொழிபெயர்ப்பை மாலதியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.